இன்னொரு கை

மணி எங்கள் வீட்டுக்கு வந்த பதினொன்றாம் நாள் விடியற்காலை, ஹாலில் யாரோ இருமினார்கள்.

வயதான ஆணின் இருமல். இரண்டு தடவை செருமி, மூன்றாவது தடவை நீளமாக இழுத்து முடிகிற இருமல். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா தன் அறையிலிருந்து வந்தார், நான் என் அறையிலிருந்து வந்தேன். விளக்கைப் போட்டால் ஹாலில் யாரும் இல்லை. மூலையில் பழைய கைலி மூடிய கூண்டு மட்டும் இருந்தது.

"தாத்தா மாதிரியே இருக்கு பாப்பா" என்றார் அம்மா. அதற்குள் கைலிக்கு உள்ளிருந்து மறுபடியும் அதே இருமல்.

பதினோரு நாளாகச் சத்தமே போடாத கிளி. முதன்முதலாக வாயைத் திறந்து எங்களுக்குச் சொன்னது அதுதான்.

தாத்தா எங்கள் ஃபிளாட்டில் கீழ்வீட்டுக்காரர். சொந்தம் இல்லை, ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தாத்தா. கெலுகோரில் இந்தப் பக்கத்துப் பழைய ஃபிளாட்டுகளில் இப்படி நிறைய தாத்தாக்கள் உண்டு. போன தீபாவளி முடிந்த வாரம் அவர் மகள் ஜொகூரிலிருந்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பாத்ரூமில் ஒரு தடவை விழுந்துவிட்டார், இனிமேல் தனியாக விட முடியாது. மகள் வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஆஸ்துமா. கிளியின் இறகுத் தூசு ஆகாது. "ஒரு மாசத்துக்கு வச்சிருங்க, யாராவது கெடைச்சா குடுத்துரலாம்" என்றார் அந்த அக்கா. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கூண்டைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார். பெர்ஹிலித்தானில் விசாரித்து, காகித வேலை முடித்து, கூண்டு மூன்றாம் மாடிக்கு வந்தது. ஒரு மாதம் முடிந்தபோது அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

பெயர் வந்த கதையைத் தாத்தாவே பல தடவை சொல்லியிருக்கிறார். 2010 உலகக் கிண்ணக் காற்பந்து நடந்த சமயம், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கிளி ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்த முனியப்பன் என்ற பெரியவரின் கிளி திடீரென்று உலகப் புகழ் அடைந்தது. அதன் பெயர் மணி. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் ஜெயிக்கப்போகிற அணியைச் சரியாக எடுத்துக் கொடுத்தது. ஸ்பெயின் ஜெர்மனியை அரையிறுதியில் வெல்லும் என்றும் சரியாகச் சொன்னது. இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்தது. ஜெர்மனியில் இருந்த பால் என்கிற ஆக்டோபஸ் ஸ்பெயினை எடுத்தது. கிண்ணம் ஸ்பெயினுக்குப் போனது. சிங்கப்பூர் மணி உண்மையில் மலேசியாவில் பிறந்தது என்று தாத்தா அடித்துச் சொல்வார். அந்த வருஷம் வாங்கின குஞ்சுக்கு அதே பெயரை வைத்துவிட்டார். "தோத்த மணி இல்ல பாப்பா, நாலு மேட்சு ஜெயிச்ச மணி."

அப்படியானால் எங்கள் மணிக்கு வயது பதினைந்து. கழுத்தில் கறுப்பும் ரோஜாவும் கலந்த வளையம் போட்ட பச்சைக்கிளி, நல்ல கவனிப்பில் இருபத்தைந்து முப்பது வருஷம்கூட இருக்கும். கூண்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது இந்தக் கணக்கை நான் போடவில்லை.

*

கிளி பழகுவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்று நினைத்திருந்தேன். நான் பாயான் லெப்பாஸில் டெஸ்ட் இன்ஜினியர். புது மெஷின் வந்தால் அதைச் சீராக்க நாங்கள் எடுத்துக்கொள்கிற நேரம் இரண்டு வாரம். வேறு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. ஒரு எக்செல் தாள் திறந்தேன். தேதி, நேரம், தூரம். நான் எவ்வளவு கிட்டே போனால் மணி பின்பக்கக் கம்பிக்கு நகர்கிறது என்பதுதான் தூரம். முதல் நாள் 2 மீட்டர்.

பயந்த கிளி எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, பாதி சைஸுக்கு ஒல்லியாகி, கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். சமத்தாக இருக்கிறது என்று நினைத்து "குட் பாய்" என்றெல்லாம் கொஞ்சியிருக்கிறேன். மேலே பருந்து பறக்கும்போது கிளி இலைக்குள் நிற்கிற நிற்பு அது என்று பிறகுதான் தெரிந்தது. நிம்மதியான கிளி இறகைக் கொஞ்சம் உப்பவிட்டு, ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, தூங்குவதற்கு முன்னால் அலகை அரைக்கும். அம்மியில் ஈர அரிசி நெரிகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் கேட்பதற்கு எழுபது நாளுக்கு மேல் ஆனது.

முதல் வாரம் செய்ததில் சிலது சரி. தாத்தா வைத்திருந்த அதே கூண்டு, அதே கிண்ணம், கடித்துக் கடித்துத் தேய்ந்த அதே கொய்யாக் கம்பு. "பழசு பாக்க அசிங்கமா இருக்கு, புதுசு வாங்கலாம்" என்று அம்மா சொன்னபோது தடுத்துவிட்டேன். வீடும் மாறி ஆளும் மாறிவிட்ட ஜீவனுக்கு மாறாத சாமான் நாலு வேண்டும். கூண்டை ஹால் மூலையில், இரண்டு பக்கமும் சுவர் இருக்கிற மாதிரி வைத்தோம். நாலு பக்கமும் திறந்திருந்தால் அது நாலு பக்கமும் காவல் காக்க வேண்டியிருக்கும். கிளிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் தேவை என்பதால் இரவு ஏழரைக்குக் கைலியை மூடிவிடுவோம். அம்மா தன் சீரியலைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டு அறைக்குள் போனார். அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சண்டை தோசைக்கல்லில் வந்தது. நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மேல் சூடானால் வருகிற புகை ஒரே சமையலில் கிளியைக் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடத் திறமையானது. காற்றுப் பைகள் இருப்பதால் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அதில் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். உயிர்வாயுவை எடுக்கிற அதே திறமையோடு விஷத்தையும் எடுத்துக்கொள்ளும். "ஒரு கிளிக்காக என் தோசைக்கல்ல தூக்கிப் போடணுமா?" என்று கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பாட்டியின் இரும்புக்கல் அலமாரி மேலிருந்து இறங்கியது. அந்த வாரம் முழுக்க தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது.

ரேடியோ அம்மாவின் கண்டுபிடிப்பு. இருமலைக் கேட்ட அன்று காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே யோசித்தார். "தாத்தா வீட்டுல விடிஞ்சா மின்னல் எஃப்எம் ஓடும்ல? நம்ம வீடு சுடுகாடு மாதிரி இருக்கு." ரேடியோவைப் போட்டோம். அறிவிப்பாளர் குரல் வந்ததும் மணி தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு உடம்பு முழுக்க இறகைச் சிலிர்த்து ஒரு உதறு உதறியது. பதினோரு நாள் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்றை உதறின மாதிரி இருந்தது. அன்று தூரம் 90 சென்டிமீட்டர்.

பதினாறாம் நாள் நான் அவசரப்பட்டேன். எண் ஐந்து நாளாக அதே 90-இல் நின்றது. ஒரு வீடியோவில், கிளியைத் துண்டால் சுற்றிப் பிடித்து மடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பயம் தெளிந்துவிடும் என்று ஒருவர் செய்து காட்டினார். கூண்டைத் திறந்தேன், துண்டைப் போட்டேன். மணி கத்தின கத்தலில் எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தார். கட்டைவிரலில் ஆழமாக ஒரு கடி. நான் விடவில்லை. நாலைந்து நிமிஷத்தில் அது அடங்கியது. துண்டுக்குள் துவண்டு, கண்ணைக்கூட அசைக்காமல் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சந்தோஷப்பட்டேன். வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

கூண்டில் விட்டதும் அது கம்பில் ஏறவில்லை. கீழ்த்தட்டின் மூலையில், அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. இரவு வரை சாப்பிடவில்லை. மறுநாள் தூரம் 2 மீட்டர் 60. முதல் நாளைவிட மோசம். அதற்குப் பிறகு அம்மா குளித்துவிட்டுத் துண்டோடு ஹாலைத் தாண்டினால்கூட அலறியது.

அம்மா மஞ்சளைக் குழைத்து என் விரலில் வைத்துக் கட்டினார். "உங்க அப்பாயி என்னையும் இப்படித்தான் பழக்குனாங்க" என்று மட்டும் சொன்னார்.

*

பழைய 90 சென்டிமீட்டருக்குத் திரும்ப மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நான் எதையும் செய்ய முயற்சி பண்ணவில்லை, செய்யத் துணிச்சல் இல்லை. அம்மாதான் செய்தார், அதுவும் தெரியாமல்.

தாமான் துன் சார்டோன் பசாரிலிருந்து காய் வாங்கி வந்தால், ஹாலில் பேப்பரை விரித்துத் தரையில் உட்கார்ந்து ஆய்வது அம்மாவின் வழக்கம். அந்த இடம் இப்போது கூண்டுக்குப் பக்கம். கூண்டுக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்து, சித்தியோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே கங்கோங் கீரையை ஆய்வார். கிளியைப் பார்க்கவே மாட்டார். ஒரு நாள் ஒரு சில்லி பாடியைக் கம்பிக்கு இடையில் செருகிவிட்டு, "இந்தா, நீயும் தின்னு" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். மணி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தது. மிளகாயை எடுத்து, காலில் பிடித்துக்கொண்டு, விதைவிதையாகத் தின்றது. பறவைகளுக்குக் காரம் உறைக்காது. நம் நாக்கை எரிக்கிற அந்தப் பொருளை உணர்கிற அமைப்பு அவற்றுக்கு வேறு மாதிரி. அம்மாவுக்கு அது தெரியாது. "என்னா லா இது, நம்ம வீட்டுப் பிள்ளையாட்டம் காரம் திங்குது" என்று சித்தியிடம் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து அம்மா விரலில் பிடித்துக் கொடுத்த மிளகாயை மணி நேராக வாங்கியது. ஒரு மாதத்துக்கு மேல் மணிக்கணக்காக உட்கார்ந்து, எக்செல்லில் எழுதி, கடி வாங்கினது நான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை.

வயிற்றெரிச்சல் தணிந்த பிறகு, அம்மா என்ன செய்தார் என்று ஒரு இன்ஜினியராகப் பார்த்தேன். வேட்டையாடுகிற மிருகங்களுக்குக் கண் முகத்தின் முன்னால் இருக்கும், புலிக்கும் ஆந்தைக்கும் நமக்கும். வேட்டையாடப்படுகிறவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் தினமும் கூண்டுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, இரண்டு கண்ணாலும் வெறித்து, மேலிருந்து கையை நீட்டியிருக்கிறேன். ஒரு கிளியின் கணக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா பக்கவாட்டில், தன்பாட்டுக்கு, வேறு வேலையாக இருந்தார். கிட்டே வருவதா வேண்டாமா என்ற முடிவை அதனிடமே விட்டிருந்தார்.

கிளி வேண்டாம் என்று சொன்னால் அது மதிக்கப்பட வேண்டும் என்பது விஞ்ஞானிகளுக்கும் தெரிந்த விஷயம். ஐரீன் பெப்பர்பெர்க் 1977-இல் சிக்காகோவில் ஒரு கடையில் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அலெக்ஸ், முப்பது வருஷ ஆராய்ச்சியில் நிறம், வடிவம், ஆறு வரை எண்ணிக்கை எல்லாம் சொல்லக் கற்றுக்கொண்டது. 2007 செப்டம்பரில், 31 வயதில் இறந்தது. அலெக்ஸைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை இல்லை. பயிற்சி சலித்துப்போனால், கூண்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அதுவே ஆங்கிலத்தில் கேட்கும். மணிக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. ஆனால் அதே விஷயத்தை அது இறகால் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

எக்செல்லில் தலைப்பை மாற்றினேன். நான் எவ்வளவு கிட்டே போனேன் என்பதற்குப் பதிலாக, அது எவ்வளவு கிட்டே வந்தது. நாற்காலியை எடுத்துவிட்டுத் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஏதாவது ஒரு புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். காப்பிக்கடையில் தாப்பாவ் வாங்கும்போது கொடுக்கிற மரச் சோப்ஸ்டிக் ஒன்றைக் கம்பிக்குப் பக்கத்தில் நீட்டுவேன். அதன் நுனியை மணி அலகால் தொட்டால், பேனாவை "டக்" என்று அமுக்கிவிட்டு ஒரு சூரியகாந்தி விதை கொடுப்பேன். விதையைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டேன். கொழுப்பு அதிகம், அதை மட்டும் தின்றால் ஈரல் கெடும். இனி அது சம்பளம் மட்டும்தான். தொட விருப்பம் இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் சோப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். தொடுவது, சோப்ஸ்டிக்கின் பின்னால் நடப்பது, கூண்டு வாசல், வாசலுக்கு வெளியே என்று அது போனது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திய பிறகுதான் கூண்டுக் கதவைத் திறப்போம்.

எழுபத்து மூன்றாம் நாள் இரவு, நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது கைலிக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது. படிப்பதை நிறுத்தினேன், அதுவும் நின்றது. மறுபடி படித்தேன், மறுபடி அரைத்தது.

*

"பாவம், வெளியே விட்டுரலாம்ல?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஊரில் இருந்திருந்தால் சட்டமே கேட்டிருக்கும். இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டப்படி அங்கே பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம். ஆனால் மணி இந்த நாட்டுக் காட்டுக் கிளி இல்லை. இங்கே காட்டில் இருப்பது நீண்டவால் கிளியும், வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கித் தூங்குகிற சின்னத் தொங்குகிளியும். பதினைந்து வருஷம் கிண்ணத்தில் தின்ற பறவை, கெலுகோர்க் காகங்களுக்கு நடுவில் ஒரு வாரம் தாங்காது. கூண்டு சரி என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கூண்டுக்குள் ஏற்கெனவே ஒரு உயிர் இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பது மட்டும்தான் என்னிடம் இருக்கிற கேள்வி.

தமிழில் கிளி எங்கேதான் இல்லை? ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய கிள்ளைப் பத்து இருக்கிறது. குறிஞ்சிப் பெண்கள் தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டேயிருக்கிறார்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடம் கிளியைத் தூது விட்டார். மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கிளியை இலைகளால் தினமும் புதிதாகச் செய்வார்கள். மணியோடு பழகிய பிறகு அந்தக் கிளியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அது தினமும் புதுசு, அதற்கு நேற்று என்று ஒன்று கிடையாது. மணிக்குப் பதினைந்து வருஷ நேற்று இருக்கிறது. அதில் ஒரு நாள் என் துண்டும் இருக்கிறது.

ஜோசியக் கிளியையும் நினைப்பேன். பெட்டியைத் திறந்தால் வெளியே வரும், ஒரு சீட்டை எடுக்கும், ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானே உள்ளே போய்விடும். சின்ன வயதில் அதை நம்பிக்கை என்று நினைத்தேன். இறகை வெட்டியிருப்பார்கள் என்பது அப்போது தெரியாது. மணிக்கும் இறகு வெட்டியிருந்தது. தாத்தா கெட்டவர் இல்லை, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். வெட்டிய இறகு உதிர்ந்து புதுசு முளைக்க ஆரம்பித்ததும், "மறுபடி வெட்டிரு பாப்பா, பறந்துரும்" என்றார் அம்மா. நான் வேண்டாம் என்றேன். போக முடியாததால் ஒன்று என்னிடம் இருப்பதை நான் எக்செல்லில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

*

சீனப் புத்தாண்டின் முதல் இரவை ஜன்னலை மூடி, ரேடியோவைச் சத்தமாக வைத்துச் சமாளித்தோம். எட்டாம் நாள் இரவுதான் பெனாங்கில் உண்மையான வெடி. ஹொக்கியன் மக்கள் வானுலக மன்னருக்குப் படையல் போடும் இரவு. முன்னொரு காலத்தில் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் பிழைத்த நன்றிக்காக வாசலில் கரும்பு கட்டி வைப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு ஊரே வெடிக்கும். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? முதல் இரவைத் தாங்கிவிட்டதே, பழகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டுக்குக் கூண்டுக்குள் புயல் அடித்தது. இருட்டில் கிளிக்கு ஒன்றும் தெரியாது. எங்கே கம்பி, எங்கே வெளி என்று தெரியாமல் மோதிக்கொண்டே இருந்தது. கைலியை எடுத்து விளக்கைப் போட்டேன். கூண்டின் அடித்தட்டில் ரத்தத் துளிகள். புதிதாக முளைக்கிற இறகுக்குள் ரத்தம் ஓடும். பக்கத்தில் பழைய இறகு அணைத்துக்கொள்ள இல்லாததால், வெட்டின இடத்தில் முளைப்பது சுலபமாக உடையும். இடது இறக்கையில் ஒன்று உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன உடம்பில் இருப்பதே கொஞ்ச ரத்தம்.

பிடித்தாக வேண்டும். பிடிக்க ஒரே வழி, துண்டு.

வெளியே வெடி, உள்ளே நான் துண்டோடு நிற்கிறேன். "என்னை மன்னிச்சுரு மணி" என்று சொல்லிவிட்டுப் போட்டேன். அதே கத்தல், அதே கட்டைவிரல், அதே ஆழம். அம்மா சமையலறையிலிருந்து சோளமாவைக் கொண்டுவந்து, உடைந்த இடத்தில் வைத்து இரண்டு நிமிஷம் அமுக்கிப் பிடித்தார். ரத்தம் நின்றது. கூண்டில் விட்டோம். ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, நான் பக்கவாட்டாகத் தரையில் உட்கார்ந்தேன். படிக்கக் குரல் வரவில்லை, அதனால் எங்கள் ஷிஃப்ட் ரிப்போர்ட்டை ஞாபகத்திலிருந்து ஒப்பித்தேன். ஒன்றரை மணிக்கு வெடி ஓய்ந்தது. காலையில் பறவை பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோனோம். காயம் பெரிதில்லை என்றார்.

நூறு நாள் உழைப்பு போச்சு, மறுபடி 2 மீட்டர் 60 என்று நினைத்துக்கொண்டேதான் மறுநாள் மாலை சோப்ஸ்டிக்கை எடுத்தேன். மணி பின்கம்பியில் இருந்தது. நான் அசையவில்லை. அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. வரவில்லை. சரி என்று எழுந்து போய்விட்டேன். அதற்கு மறுநாள் காலை மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு அடியாக வந்து நுனியைத் தொட்டது. டக். விதை.

முதல் துண்டுக்கு மூன்று வாரம். இரண்டாவது துண்டுக்கு ஒன்றரை நாள். அதே துண்டு, அதே கை, அதே கடி. எக்செல்லில் நான் எழுதிய எண்களில் அர்த்தம் உள்ளது இது ஒன்றுதான். நம்பினால் பயப்படாது என்று நினைத்திருந்தேன். பயந்தது, நன்றாகவே பயந்தது. ஆனால் திரும்பி வர இந்தத் தடவை அதற்கு ஒரு வழி தெரிந்திருந்தது.

*

அந்த வாரம் தாத்தாவுக்குப் போன் பண்ணினேன். மகள் எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதுவரைக்கும் நான் கூப்பிடாததற்குக் காரணம் பொறாமைதான். அவர் குரலைக் கேட்டால் மணி என்னை மறந்துவிடும் என்று பயம். ஸ்பீக்கரில் போடாமல் பேசினேன். இருமல் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. கூண்டுக்குள் மணி நிமிர்ந்தது.

"எப்படி தாத்தா பழக்குனீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "நான்தான் பாப்பா எல்லாம் செஞ்சேன். சாப்பாடு, தண்ணி, குளிப்பாட்டுறது. பாட்டிகூட கிட்ட வந்தா அது கொத்தும். எனக்கு அதுல ஒரு பெருமை. என் மணி என்கிட்ட மட்டும்தான் வரும்னு எல்லார்கிட்டயும் சொல்வேன்." மறுபடி நிறுத்தினார். "அப்படி வளத்திருக்கக் கூடாது."

அதற்கு மறு வாரம் எனக்குச் சிங்கப்பூரிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. சம்பளத்தை வெள்ளியில் மாற்றிப் பார்த்தேன். என் வயதில் பெனாங்கில் இன்ஜினியராக இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது போடுகிற கணக்கு அது. அன்று இரவு மணி கூண்டிலிருந்து சோப்ஸ்டிக்கின் பின்னால் வந்து, முதல் தடவையாக என் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்தது. கால் இவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நூற்றுப் பத்து நாளாகக் காத்திருந்த அந்த நிமிஷத்தில் எனக்கு ஓடியது ஒரே எண்ணம்: போகப்போகிறவள் இதை வாங்கிக்கொள்ளலாமா?

நாலு நாள் யோசித்தேன். கடைசியில் செய்தது சின்ன விஷயம். இன்னொரு சோப்ஸ்டிக்கை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு இது? அது என்கிட்ட மிளகா வாங்கித் திங்கும், போதும்" என்றார். இல்லம்மா, ஏறி இறங்கப் பழகணும், கையில் பிடித்து டாக்டரிடம் கொண்டுபோகப் பழகணும் என்றேன். அம்மா என்னைப் பார்த்தார். கடிதத்தைப் பற்றி நான் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கேட்கவும் இல்லை. பேனாவை வாங்கி இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது காலை என் முறை, மாலை அம்மாவின் முறை. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஆன்ட்டியின் பத்து வயதுப் பையன் வந்து அரை மணி நேரம் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, மலாய்ப் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கிறான். மணிக்கு அவன் தூரம் இன்னும் 60 சென்டிமீட்டர். அவனுக்கும் ஒரு எக்செல் தாள் திறந்து கொடுத்திருக்கிறேன்.

கடிதத்துக்குப் பதில் போட இந்த வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. நேற்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, அம்மா தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பாதி ஆய்ந்த கங்கோங். மணி அவர் தோளில் இருந்தது. புது இறகு மூன்றும் முழுசாக வளர்ந்துவிட்டன. ஃபேன் நிறுத்தியிருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது, அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மெதுவா வா" என்றார் அம்மா, திரும்பாமல். "இப்பத்தான் அரைக்க ஆரம்பிச்சிருக்கு."

வாசலிலேயே செருப்போடு நின்று கேட்டேன்.